நாற்பதாம் பக்கத்தைத் தாண்டுமா? வெப் புரோகிராமிங்குக்கு முதல் புத்தகம் வாங்குகிறவர்களுக்கு

காரைக்குடியில் கல்லூரிச் சாலைப் பக்கம் டிடிபி, ஜெராக்ஸ், பைண்டிங் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். அழகப்பா வளாகத்துப் பிள்ளைகளின் புராஜெக்ட் ரெக்கார்டு, ஆய்வேடு, கல்யாணப் பத்திரிகை, வீட்டுப் பத்திர நகல் எல்லாம் வரும். தையல் விட்ட பாடப் புத்தகங்களும் வரும். அப்படி வரும் புத்தகத்தின் விளிம்பைப் பார்த்தாலே ஆள் எது வரைக்கும் போயிருக்கிறார் என்று சொல்லிவிடலாம். படித்த பக்கங்கள் கைபட்டுப் பழுப்பேறி லேசாக உப்பியிருக்கும். படிக்காதவை கட்டிங் மெஷினிலிருந்து வந்த அன்று இருந்த மாதிரியே வெள்ளையாக நிற்கும். வெப் புரோகிராமிங் புத்தகங்களில் இந்தப் பழுப்பு பெரும்பாலும் நாற்பதாம் பக்கத்தை ஒட்டியே நின்றுபோகிறது. எழுநூறு பக்கப் புத்தகமானாலும் அப்படித்தான்.

நானும் இந்தத் தொழிலைப் புத்தகம் பார்த்துக் கற்றவன்தான். பத்திரிகை வடிவமைப்பில் ஆரம்பித்து, அப்புறம் ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிற ஒருவருக்கு வெப்சைட், பள்ளத்தூரில் பலகாரம் செய்து வெளியூருக்கு அனுப்பும் ஓர் ஆச்சிக்கு ஆர்டர் எடுக்கும் பக்கம் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அதனால் கடைக்கு வரும் பிள்ளைகள், "அண்ணே, எந்தப் புத்தகம் வாங்கலாம்?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. தேவகோட்டையில் பி.காம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் அக்கா மகளும் சமீபத்தில் அதையே கேட்டாள். அவளுக்காக நாலைந்து புத்தகங்களை மறுபடி எடுத்துப் புரட்டினேன். ஏற்கெனவே புரோகிராமிங் தெரிந்தவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. ஒரு வரி கோடுகூட, அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளைகூட, எழுதிப் பார்க்காதவர்களுக்காக எழுதுகிறேன்.

என் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். புத்தகத்தைப் பிரித்த அன்றைக்குச் சாயங்காலமே, நம் கையால் அடித்த ஒரு பக்கம் பிரௌசரில் தெரிய வேண்டும். அது நடக்காத புத்தகத்தைப் பெரும்பாலானவர்கள் இரண்டாம் நாள் திறப்பதில்லை. நான் பார்த்த வெள்ளை விளிம்புகள் எல்லாம் அந்த வகைதான்.

முதலில் ஒதுக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். செமஸ்டர் பாடத்திட்டத்தை அப்படியே பிடித்து எழுதும் கைடு வகைப் புத்தகங்கள். மலிவாகக் கிடைக்கும். இரண்டு மார்க், ஐந்து மார்க், பத்து மார்க் என்று கேள்வி பதில் போட்டிருக்கும். பரீட்சைக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் கற்றுக்கொள்ள நினைக்கிறவர் இதில் மாட்டினால் தொலைந்தார். கம்ப்யூட்டர் தலைமுறைகள், நெட்வொர்க் வகைகள், 1989-இல் சேர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்ன செய்தார், அதற்கு முன்னால் அமெரிக்க ராணுவம் என்ன செய்தது என்று போய்க்கொண்டே இருக்கும். எல்லாம் உண்மைதான், தெரிந்துகொள்ள வேண்டியதும்தான். ஆனால் அதை முதல் நாற்பது பக்கத்துக்குப் பரப்பினால் யார் தாண்டுவார்? எங்கள் அக்கா மகள் ஒரு தோழியிடம் இரவல் வாங்கி வந்தது இப்படி ஒரு புத்தகம். "மாமா, நாப்பது பக்கம் படிச்சுட்டேன், இன்னும் வெப்சைட்டே வரலை" என்றாள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன்.

அடுத்தது, எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் எல்லாம் ஒரே அட்டைக்குள் என்று வரும் தலையணைப் புத்தகங்கள். (பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வது எச்டிஎம்எல், அது எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்வது சிஎஸ்எஸ், பக்கத்தை இயங்க வைப்பது ஜாவாஸ்கிரிப்ட், சர்வரில் ஓடும் மொழி பிஎச்பி, தகவலைச் சேமிக்கும் டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல்.) ஐந்து புத்தகத்துக்குப் பதில் ஒன்று, லாபம்தானே என்று தோன்றும். புதிய பதிப்பாக இருந்து, எழுதியவரும் விஷயம் தெரிந்தவராக இருந்தால் பரவாயில்லை. ஆனால் நம் ஊரில் இவை பெரும்பாலும் பழைய புத்தகமாக, அண்ணன் படித்தது, சித்தப்பா மகன் படித்தது என்று கைமாறித்தான் வருகின்றன. அங்கேதான் சிக்கல்.

புதுவயலில் இருந்து ஒரு பையன் அப்படி ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். அட்டை பிய்ந்துவிட்டது, காலிகோ போட்டுக் கொடுங்கள் என்றான். பேச்சுவாக்கில், டேட்டாபேஸ் பாடத்தில் சிக்கிக்கொண்டு ஒரு வாரமாக உட்கார்ந்திருப்பதாகச் சொன்னான். புத்தகத்தில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் அடித்திருக்கிறான். ஆனால் ஓட்டினால், டேட்டாபேஸோடு இணைக்கிற மைஎஸ்க்யூஎல் கனெக்ட் என்று ஒரு ஃபங்ஷனே (பெயர் சொன்னால் ஒரு வேலையைச் செய்துதரும் கட்டளை) கிடையாது என்கிறது கம்ப்யூட்டர். தப்பு அவன் மேல் இல்லை. அந்தப் பழைய ஃபங்ஷன்களை 2013-இல் வந்த பிஎச்பி 5.5-லேயே 'இனி பயன்படுத்தாதீர்கள்' என்று ஒதுக்கிவிட்டார்கள். 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7-இல் சுத்தமாகத் தூக்கிவிட்டார்கள். புத்தகம் அதற்கு முந்தியது. அவன் மெஷினில் இருந்ததோ புதிய பிஎச்பி. பையன் ஒரு வாரமும் தனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தான். அதுதான் எனக்கு வருத்தம். அட்டை போடக் காசு வாங்கவில்லை. போட்டும் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

பழைய புத்தகம் என்றாலே ஆகாது என்று நான் சொல்லவில்லை. எது பழசானால் எவ்வளவு கெடும் என்பதில் வித்தியாசம் இருக்கிறது. எச்டிஎம்எல் மெதுவாகப் பழசாகும். பத்து வருடத்துக்கு முந்தைய புத்தகத்தில் படித்த தலைப்பு, பத்தி, பட்டியல், டேபிள், லிங்க் எல்லாம் இன்றைக்கும் அப்படியே ஓடும். காலாவதியான ஃபான்ட் டேக், சென்டர் டேக் (டேக் என்பது எச்டிஎம்எல்லின் குறிச்சொல்) இரண்டையும் மும்முரமாகச் சொல்லித் தருகிற புத்தகமாக இருந்தால் மட்டும் கீழே வைத்துவிடுங்கள். எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும் மார்க்கீ டேக்கும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் நம் ஊர் வாடிக்கையாளர்கள் 'வருக வருக' என்று ஓடவிடாமல் விடமாட்டார்கள், பிரௌசர்களும் இன்னும் அதை ஓட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. சிஎஸ்எஸ்தான் ஆளை ஏமாற்றும். பழைய முறையும் ஓடும், ஆனால் தேவையில்லாமல் கஷ்டப்படுத்தும். ஜாவாஸ்கிரிப்டில் 2015 ஒரு எல்லைக்கல். அதற்கு முந்தைய புத்தகத்தில் வேரியபிள் (மதிப்பைப் போட்டுவைக்கும் பெயர்) உண்டாக்க 'வார்' மட்டும்தான் இருக்கும், 'லெட்', 'கான்ஸ்ட்' இருக்காது. பிஎச்பி பழசானால் மேலே சொன்ன கதைதான்.

இனி நல்ல புத்தகங்களுக்கு வருவோம்.

ஜான் டக்கெட் எழுதிய 'எச்டிஎம்எல் அண்ட் சிஎஸ்எஸ்', வைலி வெளியீடு, 2011. கடைக்கு வந்த வெப் புத்தகங்களிலேயே விளிம்பு கடைசி வரை பழுப்பேறி நான் பார்த்தது இதில்தான். முழுக்க வண்ண அச்சு. விரித்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே விஷயம்: இந்தப் பக்கம் கோடு, அருகிலேயே அது பிரௌசரில் எப்படித் தெரியும் என்ற படம், நடுவில் நாலு வரி விளக்கம், அவ்வளவுதான். அடுத்த விரிப்பில் அடுத்த விஷயம். பாதியில் மூடிவைத்துவிட்டு மறுநாள் எடுத்தாலும் எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதில்லை. ஆங்கிலம் எளிது. தமிழ் மீடியத்தில் படித்த அக்கா மகள் டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் ஆறு அத்தியாயத்தை யார் துணையும் இல்லாமல் தாண்டினாள்.

வடிவமைப்புத் தொழிலில் இருக்கிறவன் என்பதால் பதின்மூன்றாம் அத்தியாயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாக்ஸ் பற்றியது. பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றும் ஒரு பெட்டி, அதற்கு உள்ளே பேடிங், சுற்றிலும் பார்டர், வெளியே மார்ஜின். கல்யாணப் பத்திரிகையில் தங்கக் கோட்டுக்கும் எழுத்துக்கும் நடுவே விடுகிற இடம் பேடிங், கோட்டுக்கும் அட்டை ஓரத்துக்கும் நடுவே விடுகிற இடம் மார்ஜின் என்று பிடித்துக்கொண்டால் போதும். அவர் வண்ணத்தில் வரைந்து காட்டியிருக்கிற படத்தைப் பார்த்தபின் இதில் யாருக்கும் குழப்பம் வந்து நான் பார்த்ததில்லை. இதே விஷயத்தை மூன்று பக்கம் எழுத்தாக எழுதிப் படம் போடாமல் விட்ட புத்தகங்களும் உண்டு.

குறைகளும் இருக்கின்றன. ஒன்பதாம் அத்தியாயத்தில் பாதி ஃபிளாஷ் பற்றியது. ஃபிளாஷுக்கு 2020 டிசம்பர் 31-உடன் அடோபி மூடுவிழா நடத்திவிட்டது. அந்தப் பக்கங்களைப் பேசாமல் தாண்டுங்கள், வீடியோ, ஆடியோ பகுதியை மட்டும் பாருங்கள். பெரிய குறை பதினைந்தாம் அத்தியாயம், லேஅவுட். 2011 புத்தகம் என்பதால் எல்லாவற்றையும் ஃப்ளோட் வைத்தே, அதாவது பெட்டிகளை ஓரமாக ஒதுக்கி ஒதுக்கியே, அடுக்கச் சொல்கிறது. 960 பிக்ஸல் அகலத்துக்கு ஒரு கட்டம் வேறு வருகிறது. கையில் போனை வைத்துக்கொண்டு வெப்சைட் பார்க்கும் இந்தக் காலத்துக்கு அது எட்டாது.

ஃப்ளோட் என்ன பாடுபடுத்தும் என்பதை ஆத்தங்குடி வேலையில் பார்த்தேன். பட்டறைக்காரர் டிசைன்களைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். பூக்கட்டம், நட்சத்திரம், ஓரப்பட்டை என்று வகைவகையாக. கண்ணாடிப் பலகையின் மேல் அச்சை வைத்து, கையால் கலரை ஊற்றி, மேலே சிமென்ட்டும் மணலும் போட்டு எடுக்கிற கற்கள் அவை. எல்லாம் ஒரே அளவுச் சதுரம், மில்லி பிசகாது. ஆனால் போட்டோக்கள் அப்படி இல்லை. ஒன்று கொஞ்சம் உயரம், ஒன்று கொஞ்சம் குட்டை. ஃப்ளோட் போட்டு வரிசைக்கு நாலாக அடுக்கினால், உயரமான படம் ஒன்று வந்த இடத்தில் அடுத்த வரிசை அதில் இடித்துக்கொண்டு நிற்கிறது. இடது பக்கம் வர வேண்டிய படம் நடுவில் தொங்குகிறது, அதற்குக் கீழே வெற்றிடம். இதைச் சரிகட்ட அந்தக் காலத்தில் ஆயிரம் தந்திரம் வைத்திருந்தார்கள். இன்றைக்கு சிஎஸ்எஸ் கிரிட் இருக்கிறது, 2017-இல் முக்கிய பிரௌசர்கள் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. டிஸ்ப்ளே கிரிட் என்று ஒரு வரி, வரிசைக்கு எத்தனை படம் என்று இன்னொரு வரி, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று மூன்றாவது வரி. படம் உயரமோ குட்டையோ, வரிசை கலையாது. புதிதாகக் கற்கிறவர் ஏன் பழைய தந்திரங்களில் காலத்தைக் கழிக்க வேண்டும்?

ஆகவே டக்கெட் புத்தகத்தில் பதினைந்தாம் அத்தியாயத்தை விட்டுவிட்டு, ஃப்ளெக்ஸ்பாக்ஸ் (பெட்டிகளை வரிசையாக அடுக்கும் சிஎஸ்எஸ் முறை), கிரிட் இரண்டையும் மொசில்லாவின் எம்டிஎன் தளத்தில் இலவசமாகப் படித்துக்கொள்ளுங்கள். ஃப்ளெக்ஸ்பாக்ஸ் ஃப்ராகி என்று ஒரு விளையாட்டும் இலவசமாக இருக்கிறது. சிஎஸ்எஸ் எழுதித் தவளையைத் தாமரை இலையில் உட்கார வைக்க வேண்டும், 24 கட்டம். அக்கா மகள் சோறு வடிக்க வைத்துவிட்டு அதில் உட்கார்ந்து சோறு குழைந்ததாக அக்காவிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

டக்கெட்டில் எனக்கு இன்னொரு மனக்குறை, பயிற்சி இல்லாதது. பார்க்க அழகாக இருப்பதாலேயே, அடித்துப் பார்க்காமல் புரட்டிக்கொண்டே போய்விடலாம். எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். வெற்றுத் திரையை வைத்து எழுது என்றால் கை ஓடாது. அதற்கு மருந்து அடுத்த புத்தகத்தில் இருக்கிறது.

எலிசபெத் ராப்சன், எரிக் ஃப்ரீமன் இருவரும் எழுதிய 'ஹெட் ஃபர்ஸ்ட் எச்டிஎம்எல் அண்ட் சிஎஸ்எஸ்', ஓ'ரெய்லி வெளியீடு, இரண்டாம் பதிப்பு 2012. எழுநூறு பக்கத்துக்கு மேல். கடைக்கு வரும் பிரதிகளில் பென்சில் எழுத்து அதிகம், ஏனென்றால் புத்தகமே பென்சிலை எடுத்துக் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்கிறது. அத்தியாயம் முடிந்தால் குறுக்கெழுத்துப் போட்டி. ஒரு காபிக் கடைக்கு வெப்பக்கம் செய்வதில்தான் பாடமே ஆரம்பிக்கிறது, முதல் நாள் சாயங்காலத்துக்குள் பக்கம் தயார். என் அளவுகோலுக்கு முழு மார்க். பிடிக்காதது அதன் சளசளப்பு. அமெரிக்க ஜோக்குகளும் பழைய சினிமாப் பாணிப் படங்களும் பக்கத்துக்குப் பக்கம் வரும், சிலருக்கு அது துணை, சிலருக்கு அது தொல்லை. ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் படிக்கிறவருக்கு எது பாடம், எது கேலி என்று பிரிக்கவே நேரம் போய்விடுகிறது. லேஅவுட் விஷயத்தில் இதற்கும் டக்கெட்டின் வயதுதான், அதே கோளாறுதான். எடையும் அதிகம். பஸ்ஸில் எடுத்துப் போய்ப் படிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

தமிழில் வேண்டும் என்கிறவர்களுக்கு, கணியம் என்ற தமிழ்க் கணினி இதழ் வழியாக வந்த து. நித்யாவின் 'எளிய தமிழில்' வரிசை இருக்கிறது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டுமே உண்டு, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அச்செடுத்து ஸ்பைரல் போட்டுக் கேட்டு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், எனக்கும் இதைச் செய்து கொடுப்பதில் உறுத்தல் கிடையாது. (பென் டிரைவில் திருட்டு பிடிஎஃப் கொண்டுவந்து அறுநூறு பக்கம் அடித்துக் கொடுங்கள் என்கிறவர்களிடம் மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிடுவேன்.) தமிழில் ஒருமுறை விஷயத்தைப் பிடித்துவிட்டால் அப்புறம் ஆங்கிலப் புத்தகம் பாதி பாரம் குறைந்துவிடுகிறது. எங்கள் பக்கம் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. அவர்கள் இந்த இரண்டு சின்னப் புத்தகங்களை முடித்துவிட்டு டக்கெட்டுக்குப் போகட்டும். இவை மட்டுமே போதும் என்று நிறுத்திவிடக் கூடாது, அடித்துப் பழக இன்னும் நிறைய வேண்டும்.

இந்த இடத்தில் ஆங்கிலப் புத்தகங்கள் எதுவும் சொல்லாத, நமக்கு மட்டும் வருகிற தலைவலியைச் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தில் உள்ள ஆங்கில வாக்கியத்துக்குப் பதில் தமிழில் ஒரு வரி போட்டுப் பார்க்க எல்லோருக்கும் ஆசை வரும். போட்டதும் திரையில் தலையில் கோடு போட்ட 'ஏ' எழுத்தும், வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட குறியும் மாறிமாறி ஒரு ஊர்வலம் போகும். பக்கத்தின் தலைப்பகுதியில் மெட்டா சார்செட் யுடிஎஃப்-8 என்ற ஒரு வரி (எழுத்துகளை எந்த முறையில் படிக்க வேண்டும் என்று பிரௌசருக்குச் சொல்வது) இல்லாததுதான் காரணம். பழைய விண்டோஸ் நோட்பேடில் தமிழுக்கு இடமில்லாத பழைய ஆன்சி முறையில் சேமித்திருந்தால் இன்னும் மோசம், தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், திரும்பக் கிடைக்காது. 2019-க்குப் பிந்தைய விண்டோஸ் 10 பதிப்புகளில் நோட்பேடே யுடிஎஃப்-8-இல்தான் சேமிக்கிறது, அதனால் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது. எங்களைப் போன்ற டிடிபி ஆட்கள் கொடுக்கிற ஃபைலில் தமிழ் பாமினி எழுத்துருவில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவம் வைத்த பழைய எழுத்துரு) இருக்கும், அதை அப்படியே வெப்பக்கத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். ஒரு புத்தகத்தை எடுத்ததும் முதல் உதாரணத்திலேயே அந்த யுடிஎஃப்-8 வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எழுதியவர் தன் ஊரைத் தாண்டியும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார்.

அப்படி நினைத்த ஒருவர் மரைன் ஹாவர்பெக்க. அவருடைய 'எலொக்வென்ட் ஜாவாஸ்கிரிப்ட்' இணையத்தில் முழுசாக இலவசம், நான்காம் பதிப்பு 2024-இல் வந்தது. ஐந்தாம் அத்தியாயத்தில் உலகத்து எழுத்துமுறைகளைப் பட்டியலாக வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறார், அதற்கு முன்னுரையாக ஒரு தமிழ்க் கையெழுத்துப் படத்தைப் போட்டிருக்கிறார். ஜாவாஸ்கிரிப்ட் படிக்கப் போன இடத்தில் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் கடையில் இருந்த பையன்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒருவனும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

அதே அத்தியாயத்தில், நாம் ஓர் எழுத்து என்று நினைப்பது கம்ப்யூட்டருக்கு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை இமோஜி வைத்துக் காட்டுகிறார். நமக்கு இமோஜியே வேண்டாம். 'காரைக்குடி' என்று எழுதி லெங்த், அதாவது எத்தனை எழுத்து என்று, ஜாவாஸ்கிரிப்டிடம் கேளுங்கள். ஐந்து எழுத்து ஊர்ப்பெயருக்குப் பத்து என்று பதில் வரும். 'கா' என்பது அதற்குக் ககரம் ஒன்று, கால் ஒன்று. 'க்' என்பது ககரம் ஒன்று, புள்ளி ஒன்று. இதைத் திருப்பிப் போடச் சொல்லும் பயிற்சி எல்லா இடத்திலும் வரும், ஆங்கிலத்தில் அழகாக வேலை செய்யும். காரைக்குடியைத் திருப்பினால், ஒட்டிக்கொள்ள ஆள் இல்லாத ஒரு மேல்விலங்கு (இகரக் குறி) தனியாக முன்னால் நிற்க, பின்னால் 'டுக்கைராக' என்று வரும். பலகார ஆச்சியின் பக்கத்தில் பெயருக்கு இருபது எழுத்து என்று வரம்பு வைத்தபோது, கொஞ்சம் நீளமான தமிழ்ப் பெயர் வைத்தவர்கள் பாதியில் வெட்டுப்பட்டது இதனால்தான். "என்ன தம்பி, பேரைக்கூட முழுசா எழுத விடமாட்டேங்குது" என்றார் ஆச்சி. இன்டல் செக்மென்டர் என்று ஜாவாஸ்கிரிப்டிலேயே ஒன்று இருக்கிறது, அது சரியாக ஐந்து என்று எண்ணும்.

ஆனால் இதை முதல் புத்தகமாக எடுக்காதீர்கள். இலவசமாயிற்றே என்று முதலில் இதில் கை வைத்துவிட்டு, ஜாவாஸ்கிரிப்டே எனக்கு வராது என்று முடிவுகட்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள். முதல் நாலு அத்தியாயம் போகப் போகச் செங்குத்தாக ஏறும். பிரௌசர் என்ற பேச்சே பதின்மூன்றாம் அத்தியாயத்தில்தான் வருகிறது. அதற்குள் ரோபோவுக்கு வழி காட்டி, சின்னதாக ஒரு புரோகிராமிங் மொழியே செய்து முடித்திருப்பீர்கள். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் கையில் பழகி, ஒரு பட்டனை அழுத்தினால் ஏதாவது நடக்கிற அளவுக்கு ஜாவாஸ்கிரிப்ட் எட்டிப் பார்த்தபின் வந்தால் இதைப்போல ஒரு புத்தகம் இல்லை. பயிற்சிகளைப் பக்கத்திலேயே ஓட்டிப் பார்க்கலாம், குறிப்பும் கிடைக்கும். அச்சுப் புத்தகத்தைவிட இணையத்தில் படிப்பதே இதில் நல்லது, பைண்டிங்காரன் நானே சொல்கிறேன்.

டக்கெட் ஜாவாஸ்கிரிப்டுக்கும் 2014-இல் ஒரு புத்தகம் போட்டிருக்கிறார், ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவித்தொகுப்பையும் சேர்த்து. அழகில் குறைவில்லை. ஆனால் 2015 எல்லைக்கல்லுக்கு முந்தியது, இப்போது காசு போட்டு வாங்கச் சொல்லமாட்டேன். நூலகத்தில் கிடைத்தால் படங்களைப் பார்த்துக்கொள்ளலாம்.

யூட்யூப் இருக்கும்போது புத்தகம் எதற்கு, ஏஐயிடம் கேட்டால் எழுதிக் கொடுத்துவிடுமே என்று கேட்பவர்களும் கடைக்கு வருகிறார்கள். எழுதிக் கொடுக்கும்தான். ஆச்சி வீட்டுப் பக்கம் ஒரு வெள்ளிக்கிழமை திடீரென்று ஆர்டர் எடுக்காமல் நின்றால் எந்த வரியில் தேடுவது என்று தெரிய வேண்டாமா? நான் வீடியோவும் பார்ப்பேன், ஏஐயிடமும் கேட்பேன். ஆரம்பத்தில் மட்டும் வரிசையாக ஒருவர் கைபிடித்துக் கூட்டிப்போவது நல்லது.

கடையிலோ புத்தகத் திருவிழா ஸ்டாலிலோ நின்றுகொண்டு தேர்வு செய்கிறவர்கள் பின்னட்டையைப் படிக்க வேண்டாம், எல்லாப் பின்னட்டையும் ஒன்றுதான். தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் பதிப்பு வருடத்தைப் பாருங்கள். மறுஅச்சு வருடம் வேறு, பதிப்பு வருடம் வேறு, சில இடங்களில் மறுஅச்சை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அப்புறம் கடைசியில் உள்ள பொருளடைவில் ஃப்ளெக்ஸ்பாக்ஸ், கிரிட் இருக்கிறதா என்று தேடுங்கள். நடுவில் எங்காவது பிரித்து, ஒரு உதாரணம் முழுசாகக் கொடுக்கப்பட்டிருக்கிறதா, அல்லது 'மீதியை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்' என்று புள்ளி வைத்துத் துண்டு துண்டாக விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். துண்டாக விட்ட புத்தகம் ஆரம்பக்காரருக்கு ஆகாது. அடித்துப் பார்த்து ஓடவில்லை என்றால் எங்கே தப்பு என்று அவரால் கண்டுபிடிக்க முடியாது. விரித்துவைத்தால் தானாக மூடிக்கொள்ளாமல் கீபோர்டு பக்கத்தில் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். நிற்காவிட்டாலும் பரவாயில்லை, முதுகை வெட்டி இரண்டு பாகமாக ஸ்பைரல் போட்டுக்கொள்ளலாம். வண்ணப் புத்தகத்தை வெட்ட மனசு வராது என்பவர்கள் மேலே ஒரு கண்ணாடி ஸ்கேலை வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகளுக்குக் கடைசியில் டக்கெட்டின் எச்டிஎம்எல் புத்தகத்தைத்தான் வாங்கிக் கொடுத்தேன். ஹெட் ஃபர்ஸ்ட் என் பழைய பிரதி, பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்துவிட்டுக் கொடுத்தேன், பயிற்சிக்கு மட்டும். இரண்டையும் சேர்த்துப் படிக்கிறாள். ஃபார்ம் அத்தியாயம் முடிந்ததும் ஆச்சியின் ஆர்டர் பக்கத்தைப் பார்த்து, கந்தரப்பம், மணகோலம், சீடை என்று தன் அம்மா செய்கிற பலகாரத்துக்கு ஒரு பக்கம் போட்டு அனுப்பினாள். போனில் திறந்தால் பட்டன் திரைக்கு வெளியே போய்விட்டது. போன் திரை அகலத்துக்குப் பக்கத்தைப் பொருத்த வியூபோர்ட் என்று ஒரு மெட்டா வரி உண்டு, தேடிப் பார் என்று சொல்லியிருக்கிறேன்.

சர்வர் பக்கம் போகிற அவசரத்தில் இருப்பவர்களுக்கு: பிஎச்பிக்குப் புத்தகம் வாங்குவதானால் 2020 நவம்பரில் வந்த பிஎச்பி 8-ஐப் பற்றிப் பேசுகிற புத்தகமாகப் பாருங்கள். டக்கெட்டின் பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் புத்தகம் 2022-இல் வந்தது, அந்தக் கணக்கில் சரியாக இருக்கும். பாதி விலைக்குப் பழசு கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், பொருளடைவில் மைஎஸ்க்யூஎல் கனெக்ட் என்று தேடிவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள்.